அந்த நூறு நாட்கள்

குணமாக்க முடியாத நோய் கண்ட பதின்வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் உங்களை மட்டும் உள்ளே அழைத்துப் பேசும்போது, யாருடைய உடம்பைப் பற்றி அந்தப் பேச்சு நடக்கிறதோ அந்தப் பிள்ளை பெரும்பாலும் வெளியே வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கும். புற்றுநோய் திரும்பிவிட்டது, இனி கீமோ கேட்காது, குணமாக்க வழியில்லை என்று மருத்துவர் சொல்லி முடித்ததும் நம் ஊரில் பெற்றவர்கள் வாயிலிருந்து முதலில் வரும் சொல் அநேகமாக ஒன்றே: "பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, டாக்டர்." அந்தச் சொல்லில் உள்ள அன்பை நான் சந்தேகிக்கவில்லை. பிள்ளை சுமக்க வேண்டிய பாரத்தைத் தானே சுமந்துவிடலாம் என்று நினைக்கும் பெற்ற மனத்தில் குற்றம் காண எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்தச் சொல் பிள்ளைக்கு நன்மை செய்வதில்லை என்றுதான் கிடைக்கிற சான்றுகள் சொல்கின்றன. 13 வயதிலோ 17 வயதிலோ இருக்கும் ஒருவருக்கு மீதி நாட்கள் குறைவு என்றால், அவற்றை எப்படி வாழ்வது என்று முடிவு செய்யும் இடத்தில் முதல் குரல் அவருடையதாக இருக்க வேண்டும். அதற்கு அவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மனத்தில் எழக்கூடிய மறுப்புகளையும் தட்டிக்கழிக்காமல் எடுத்துக்கொண்டு, இந்த ஒன்றைத்தான் இங்கே வாதிடப் போகிறேன்.

முதலில் ஒரு எல்லை போட்டுக்கொள்வோம். உலகில் ஆண்டுதோறும் 19 வயது வரையுள்ள சுமார் 4 லட்சம் பேருக்குப் புற்றுநோய் வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பணக்கார நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள். ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் பல இடங்களில் 30 சதவீதம் பேர்கூடத் தேறுவதில்லை. நோய் எங்கும் ஒன்றுதான். தாமதமாகக் கண்டுபிடிப்பது, மருந்து கிடைக்காதது, செலவுக்கும் அலைச்சலுக்கும் ஈடுகொடுக்க முடியாமல் பாதியில் வைத்தியத்தை விட்டுவிடுவது என எல்லாம் சேர்ந்து அந்த வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. ஆகவே குணமாக வாய்ப்புள்ள பிள்ளையின் சிகிச்சையை நிறுத்த இந்த மடலை யாரும் சாக்காகக் கொள்ளக் கூடாது. கீமோவின் நடுவே "போதும்மா" என்று அழும் பிள்ளையை அணைத்துப் பிடித்து அடுத்த தவணைக்கு அழைத்துப் போவது பெற்றோரின் கடமை. நான் பேசுவது, ஒருவருக்கு இருவராக மருத்துவர்கள் பார்த்து, இனிக் குணமாக்க வழியில்லை என்று சொல்லிவிட்ட பிள்ளைகளைப் பற்றி மட்டுமே. உயிரை முடித்துக்கொள்ள உதவுவதைப் பற்றியும் இங்கே பேச்சில்லை. பெல்ஜியம் 2014இல் அதற்கான சட்டத்தில் வயது வரம்பை எடுத்துவிட்டது. அது வேறு வழக்கு, வேறு இடத்தில் பேச வேண்டியது.

பிள்ளைக்குத் தெரியாது என்றுதானே நினைக்கிறீர்கள்? மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர், 1970களில் ரத்தப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த குழந்தைகளோடு ஒரு மருத்துவமனையில் மாதக்கணக்கில் கூடவே இருந்து கவனித்தார். அந்தக் குழந்தைகளின் வயது 3 முதல் 9 வரை. அவர்களிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. இருந்தும் அவர்கள் படிப்படியாகத் தெரிந்துகொண்டார்கள். மருந்தின் பெயர் மாறுவதிலிருந்தும், பெரியவர்கள் கதவுக்கு வெளியே போய்ப் பேசுவதிலிருந்தும், தங்களைப் போலவே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு குழந்தை திரும்பி வராமல் போனதிலிருந்தும் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். 1978இல் அவர் இதை நூலாக எழுதினார். அதில் என்னை நிலைகுலைய வைத்தது இன்னொரு செய்தி. தங்களுக்குத் தெரியும் என்பதை அந்தக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து மறைத்தார்கள். சொன்னால் அம்மா அழுவாள், அப்பா அறையை விட்டுப் போய்விடுவார் என்று அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். பெற்றோர் பிள்ளைக்காக நடிக்க, பிள்ளை பெற்றோருக்காக நடிக்க, இரு தரப்பும் உண்மையை அறிந்தபடியே ஒரு நாடகத்தைக் கடைசி வரை ஓட்டினார்கள்.

ஐந்து வயதுக் குழந்தைக்கே இது எட்டும் என்றால், பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைப் படித்து முடித்த பிள்ளையை என்ன சொல்வது? கையில் போன் இருக்கிறது. ஃபைலின் மேல் எழுதியிருக்கும் நோயின் பெயரைத் தட்டினால் எத்தனை சதவீதம் பேர் எத்தனை ஆண்டு இருப்பார்கள் என்பது வரை வந்து விழுகிறது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் போன வாரம் ஐசியுவுக்குப் போனான், பிறகு அவன் அம்மா தனியாக வந்து சாமான்களை எடுத்துக்கொண்டு போனாள் என்பதையும் கண் பார்த்திருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகு "ஒண்ணுமில்லடா, சத்துக் குறைவுதான்" என்று நாம் சொல்லும்போது, அதை அந்தப் பிள்ளை நம்புவதில்லை. நம்மிடம் இதைப் பேச முடியாது என்ற ஒன்றை மட்டும் தெரிந்துகொள்கிறது. பயம் அப்படியே இருக்கிறது. அதைச் சொல்லி அழ ஆள் இல்லாமல் போய்விடுகிறது. நள்ளிரவில் வார்டு விளக்கு மங்கலாக எரிய, தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அம்மா தூங்குவதுபோல் கிடக்க, மேலே கட்டிலில் பிள்ளை தூங்குவதுபோல் கிடக்கும் நிலையைவிடப் பெரிய தனிமை எனக்குத் தெரியவில்லை.

சொல்லிவிட்டு ஆயுசுக்கும் வருந்துவோமே என்ற பயம் நியாயமானது. அதற்கு வெறும் ஆறுதல் போதாது, சான்று வேண்டும். ஸ்வீடனில் 1992க்கும் 1997க்கும் இடையே புற்றுநோயில் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் உல்ரிகா கிரைக்பெர்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கேள்வித்தாள் அனுப்பிக் கேட்டார்கள். 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மரணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் பேசினீர்களா என்ற கேள்விக்கு 429 பேர் பதில் சொல்லியிருந்தார்கள். பேசியதாகச் சொன்ன 147 பேரில், பேசியதற்காக வருந்திய ஒருவர்கூட இல்லை. பேசாதவர்களில் 258 பேர் வருத்தமுண்டா என்பதற்கு விடையளித்தார்கள். அவர்களில் 69 பேர், அதாவது நூற்றுக்கு 27 பேர், பேசாமல் போனோமே என்று வருந்தினார்கள். இதை நேர்மையாகப் படிக்க வேண்டும். பேசாதவர்களில் பெரும்பான்மையோர் வருந்தவில்லைதான். ஆனால் அந்தக் கணக்கின் உள்ளே போனால் இன்னொன்று தெரிகிறது. தன் முடிவு நெருங்குவதைப் பிள்ளை அறிந்திருந்தது என்று உணர்ந்தும் பேசாமல் இருந்த பெற்றோரில் 47 சதவீதம் பேர் வருந்தினார்கள். அப்படி உணராதவர்களில் வருந்தியவர்கள் 13 சதவீதம். பிள்ளையின் கண்ணில் அந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களைத்தான் அது ஆண்டுகள் கழித்தும் விடவில்லை. ஸ்வீடன் வேறு நாடு, வேறு பழக்கம் என்று நீங்கள் சொல்லலாம், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் மனம் அந்த ஊரில் ஒரு விதமாகவும் நம் ஊரில் இன்னொரு விதமாகவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நேரம் என்ற கணக்கு இதைவிடக் கொடியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோன் வுல்ஃப் என்ற மருத்துவரும் குழுவினரும், புற்றுநோயில் பிள்ளையை இழந்த 103 பெற்றோரிடம் பேசி, மருத்துவக் குறிப்புகளையும் ஒப்பிட்டு 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. குணமாகும் வாய்ப்பு இல்லை என்பது மருத்துவருக்கு, சராசரியாக, இறப்புக்கு 206 நாட்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. பெற்றோர் அதை உணர்ந்தது 106 நாட்களுக்கு முன்புதான். நடுவில் நூறு நாட்கள். மருத்துவர் அறிந்து பெற்றோர் அறியாமல் போன நாட்கள் இவை. பெற்றோர் அறிந்து பிள்ளை அறியாததுபோல் வைக்கப்படும் நாட்களை இதற்கு மேல் கூட்டிக்கொள்ளுங்கள். இரு தரப்பும் முன்கூட்டியே உணர்ந்த குடும்பங்களில், வீட்டில் வைத்துப் பார்க்கும் ஏற்பாடு முன்னதாகவே பேசப்பட்டது, வலியைக் குறைப்பதில் கவனம் கூடியது என்பதையும் அந்த ஆய்வு கண்டது. நூறு நாட்கள் என்பது பள்ளியில் ஏறக்குறைய ஒரு பருவம். ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் அதற்குள் அடங்கும். அண்ணன் கல்யாணத்தை முன்னால் இழுத்துவைக்க அது போதும். பாதியில் விட்ட கீபோர்டு வகுப்பில் ஒரு பாட்டை முழுதாகக் கற்றுக்கொள்ளவும் போதும். இவற்றில் எதுவுமே வேண்டாம், வீட்டில் என் கட்டிலில் படுத்துக்கொண்டு கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்றாலும் அதற்கும் போதும். உண்மை தெரியாத பிள்ளைக்கு இவை எதையும் கேட்கத் தோன்றாது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அது காத்திருக்கும்.

நம்பிக்கை உடைந்துவிடும், நோயைவிட அந்தச் செய்தியே கொன்றுவிடும் என்பது நான் அதிகம் கேட்கும் மறுப்பு. இதற்கு ஒரு பையனின் வாழ்க்கையைப் பதிலாக வைக்கிறேன். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷையரில் பர்ன்ட்வுட் என்ற ஊரைச் சேர்ந்த ஸ்டீஃபன் சட்டனுக்கு 2010இல், 15 வயதில், குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை, கீமோ எல்லாம் பார்த்தும் நோய் பரவியது. 2012 முடியும் தறுவாயில் இனிக் குணமாக்க முடியாது என்று அவனிடமே சொல்லப்பட்டது. 2013 ஜனவரியில் அவன் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கி, தான் செய்ய விரும்பும் 46 காரியங்களின் பட்டியலைப் போட்டான். பதின்வயதுப் புற்றுநோயாளிகளுக்கு உதவும் டீனேஜ் கேன்சர் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு 10,000 பவுண்டு திரட்டித் தர வேண்டும் என்பது அதில் ஒன்று. விமானத்திலிருந்து குதிப்பதும், தன்னைவிடப் பெரிய விலங்கு ஒன்றைக் கட்டிப்பிடிப்பதும், பெருங்கூட்டத்தின் முன் டிரம்ஸ் வாசிப்பதும் இன்னும் சில. அந்த ஆண்டே வெம்ப்ளி மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப் போட்டிக்கு முன்பு டிரம்ஸ் வாசித்தான். 2014 மே 14 அன்று, 19 வயதில், இறந்தான். அதற்குள் அவன் பெயரில் 30 லட்சம் பவுண்டுக்கும் மேல் சேர்ந்திருந்தது. குணமாவோம் என்ற நம்பிக்கை அவனுக்கு முறிந்துதான் போயிற்று. அது முறிந்த இடத்தில் வேறு நம்பிக்கைகள் முளைத்தன: வரும் சனிக்கிழமை வலி குறைவாக இருக்கும், டிரம்ஸ் அடிக்கக் கையில் தெம்பிருக்கும், தன்னைப் போன்ற இன்னொருவனுக்குத் தன் பணம் உதவும் என்பவை. நாம் ஒரே ஒரு நம்பிக்கையைக் காப்பாற்றப் போய் இந்த மற்ற நம்பிக்கைகளுக்கு இடமே கொடுக்காமல் போகிறோம்.

சட்டனைப் பற்றிச் சொன்னதும் எனக்கே ஒரு கவலை வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட பிள்ளைகளின் கதைகள் ஊடகங்களில் பரவும்போது, சாகப்போகும் பிள்ளை என்றால் சிரித்த முகத்தோடு எல்லோருக்கும் தைரியம் சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஒட்டிக்கொள்கிறது. அது இன்னொரு பாரம். உங்கள் பிள்ளை யாருக்கும் முன்மாதிரியாக இருக்க வேண்டியதில்லை. எரிந்து விழலாம், சாமி படத்தைத் திருப்பி வைக்கலாம், மூன்று நாள் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம். எப்படி வாழ்வது என்று தேர்ந்தெடுப்பது என்றால் 46 ஆசைகளைப் பட்டியல் போடுவது என்று பொருளில்லை. பெரும்பாலான பிள்ளைகள் கேட்பவை மிகச் சாதாரணமானவை. பிளஸ் டூ பரீட்சையை எழுத வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு, மார்க் வாங்கி என்ன ஆகப்போகிறது என்று உள்ளுக்குள் நீங்கள் உடையலாம். ஆனால் ஹால் டிக்கெட்டும் பரீட்சை ஹாலும் அந்தப் பிள்ளைக்கு வகுப்புத் தோழர்களோடு இன்னும் தானும் ஒருவன், ஒருத்தி என்பதற்கான அடையாளம். மருத்துவமனையில் மணிக்கட்டில் கட்டிய பட்டையில் பெயரோடு நோயாளி எண் இருக்கிறது. பள்ளி அடையாள அட்டையில் பெயரோடு வகுப்பு இருக்கிறது. முடி கொட்டிய தலையோடு தோழிகளைப் பார்க்க மாட்டேன் என்று ஒரு பெண் சொன்னால், அதுவும் தேர்வுதான். ஒரே ஒரு தோழி மட்டும் வரட்டும் என்றால் அவளை வரவழைப்பதும், வாசலில் காத்திருக்கும் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோரையும் அன்பாகத் திருப்பி அனுப்புவதும் உங்கள் வேலை.

சின்னப் பிள்ளை, அதற்கு என்ன தெரியும், இவ்வளவு பெரிய முடிவை அதன் தலையில் வைப்பதா என்ற கேள்வியும், எங்கள் குடும்பத்தில் இப்படித் தனித்தனியாக முடிவெடுக்கும் பழக்கம் இல்லை, அது வெள்ளைக்காரர் வழக்கம் என்ற கேள்வியும் வெளிப்பார்வைக்கு இரண்டு. எனக்கு இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் கிடைத்தது. 2005இல் பமேலா ஹைண்ட்ஸ் என்ற செவிலியர்-ஆய்வாளரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு அது. அமெரிக்காவின் மெம்ஃபிஸிலும் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும், 10 முதல் 20 வயதுக்குட்பட்ட 20 புற்றுநோயாளிகளிடம் பேசினார்கள். சோதனை மருந்தை எடுத்துக்கொள்வதா, இதயம் நின்றால் மீண்டும் இயக்க முயல வேண்டுமா, வலியையும் அவதியையும் தணிப்பதோடு நிறுத்திக்கொள்வதா போன்ற முடிவுகளில் ஒன்றைச் சில நாட்களுக்கு முன்புதான் எடுத்தவர்கள் அவர்கள். 20 பேரில் 18 பேர் தங்கள் முன் வைக்கப்பட்ட வழிகள் அனைத்தையும் பிசகாமல் சொன்னார்கள். தங்கள் முடிவின் விளைவு தங்கள் மரணம் என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள். சின்ன ஆய்வுதான், 20 பேர்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள் எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பதைக் கேளுங்கள். அவர்கள் அதிகம் சொன்ன காரணம் மற்றவர்களைப் பற்றிய அக்கறை. பெற்றோர் அதிகம் சொன்ன காரணம் பிள்ளையின் விருப்பம். மருத்துவர்கள் அதிகம் சொன்னது நோயின் போக்கு.

இதை நம் வீடுகளில் வைத்து யோசித்துப் பாருங்கள். அப்பா வட்டிக்கு வாங்கியிருக்கிறார், அம்மா நகை அடகில் இருக்கிறது, தங்கை இரண்டு மாதமாகப் பாட்டி வீட்டில் இருந்து பள்ளிக்குப் போகிறாள் என்பதெல்லாம் நோயுற்ற பிள்ளைக்குத் தெரியும். தன்னால்தான் இத்தனையும் என்று அது நினைத்துக்கொண்டும் இருக்கும். உண்மையைச் சொல்லிப் பேச்சைத் திறந்தால்தான், "நீ எங்களுக்குக் கடன் இல்லடா, காசைப் பத்தி யோசிச்சு எதையும் வேண்டாம்னு சொல்லாத" என்று நீங்கள் சொல்ல முடியும். பேசாத வீட்டில் இந்தக் குற்றவுணர்வைப் பிள்ளை தனியாகச் சுமந்துகொண்டு போகும். ஆக, பதின்வயதுப் பிள்ளைக்கு முதல் குரல் கொடுப்பது குடும்பத்தைக் கழற்றிவிட்டுத் தனியாள் முடிவெடுப்பதாக ஆகாது. பிள்ளைகள் குடும்பத்தை நினைத்தே முடிவெடுக்கிறார்கள். எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுப்பது நம் வழக்கம் என்றால், அந்தக் கூட்டத்தில் யாருடைய உயிரைப் பற்றிப் பேச்சோ அவருக்கு மட்டும் பாய் போடாமல் விடுவது எந்த ஊர் வழக்கம்? தாய்மாமன் அபிப்பிராயம் கேட்கிறோம், ஊரில் படித்த ஒருவரிடம் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்கிறோம், ஜோசியரிடம் ஜாதகத்தைக் காட்டிக்கூடக் கேட்கிறோம். பிள்ளையிடம் கேட்பதில்லை.

பிள்ளை தவறான முடிவெடுத்துவிட்டால்? இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. இதற்கு வசதியான பதில் இல்லை. இங்கிலாந்தின் ஹியர்ஃபர்ட்ஷையரைச் சேர்ந்த ஹானா ஜோன்ஸ் என்ற சிறுமிக்குச் சின்ன வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. அதற்குக் கொடுத்த மருந்து இதயத்தைப் பலவீனப்படுத்திவிட்டது. 2008இல், 13 வயதில், இதய மாற்று அறுவை செய்துகொள்ளச் சொன்னார்கள். அறுவையின் ஆபத்தையும் அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் மருந்தோடு இருக்க வேண்டியதையும் யோசித்து, வேண்டாம், வீட்டில் இருக்கிறேன் என்று அவர் சொன்னார். பெற்றோர் அவர் பக்கம் நின்றார்கள். சுகாதார நிர்வாகம் நீதிமன்றம் மூலம் கட்டாயப்படுத்த முனைந்தது; குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் ஹானாவிடம் நேரில் பேசியபின் அந்த முயற்சி கைவிடப்பட்டது. மறு ஆண்டு அவருடைய சிறுநீரகமும் செயலிழக்கத் தொடங்கியது. அப்போது ஹானாவே மனம் மாறி, மாற்று இதயம் பொருத்திக்கொள்ளச் சம்மதித்தார். அறுவை நல்லபடியாக முடிந்து, 18 வயதையும் கண்டார். பார்த்தீர்களா, முதல் முடிவு தவறுதானே என்று நீங்கள் கேட்கக்கூடும். அவருக்கு நேரம் மிச்சமில்லாமல் போயிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் தன் பேச்சு மதிக்கப்படும் வீட்டில் இருந்ததால்தான், முன்பு சொன்னதை மாற்றிச் சொல்ல அவருக்குத் தயக்கம் இல்லாமல் இருந்தது என்று நான் நினைக்கிறேன். வலுக்கட்டாயமாக மேசையில் கிடத்தப்பட்ட பிள்ளை பிறகு மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுமா என்பதையும் யோசிக்க வேண்டும். இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது: பிள்ளையிடம் ஒரு முறை கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வதோடு இது முடியாது. மாதம் ஒரு முறை, ஸ்கேன் ஒவ்வொன்றுக்கும் பிறகு, திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். நேற்று வேண்டாம் என்றது இன்று வேண்டும் என்றானால் அது சபலமாகாது.

சட்டம் இதில் உங்களுக்குப் பெரிய துணை இல்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல், கண்ணியமாக இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதி என்று ஏற்று, எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வழி செய்தது. 2023இல் அந்த நடைமுறையை எளிதாக்கவும் செய்தது. ஆனால் அப்படி எழுதிவைப்பது 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்தான். 17 வயதுப் பிள்ளைக்காக ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான். அதே சமயம், தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்து மதிக்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது. பேனா உங்கள் கையில் இருக்கிறது. படிவத்தில் மையிடுவதற்கு முன்னால் பிள்ளையைக் கேட்க வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

வலியைப் பற்றிப் பேசாமல் தேர்வைப் பற்றிப் பேசுவது அநியாயம். வலியில் துடிக்கும் பிள்ளைக்குத் தேர்வு என்று எதுவும் கிடையாது, வலி நிற்க வேண்டும் என்பது ஒன்றைத் தவிர. வுல்ஃப் குழுவினர் அதே பாஸ்டன் பெற்றோரிடம் கேட்டபோது, 89 சதவீதப் பிள்ளைகள் கடைசி மாதத்தில் வலி, சோர்வு, மூச்சுத்திணறல் போன்ற ஏதாவது ஒன்றால் மிகவும் அவதிப்பட்டார்கள் என்று தெரிந்தது. எல்லா வசதியும் உள்ள ஊரிலேயே நிலைமை அது. மார்ஃபின் விலை குறைந்த மருந்து, ஆனால் நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அதைப் பல மருத்துவமனைகளுக்கு எட்டாததாக்கிவிட்டிருந்தது. 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திய பிறகு வழி கொஞ்சம் திறந்தது. இன்னும் திறக்காதது நம் மனம். மார்ஃபின் கொடுத்தால் பிள்ளை போதைக்கு அடிமையாகிவிடும் என்று சில வீடுகளில் மாத்திரையை ஒளித்து வைக்கிறார்கள். மருத்துவர் கண்காணிப்பில் வலிக்கேற்ற அளவில் கொடுக்கும்போது அந்த ஆபத்து மிகக் குறைவு. இரவு முழுக்க வலியைப் பொறுத்துக்கொண்ட பிள்ளையை "தைரியசாலி" என்று காலையில் பாராட்டாதீர்கள். இனி வலித்தாலும் சொல்லக் கூடாது என்றுதான் அந்தப் பாராட்டு அதற்குக் கேட்கும். எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் ஆகிய மருத்துவர்கள் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பணி, அக்கம்பக்கத்தாரையே தன்னார்வலர்களாகப் பழக்கி வீடு வீடாகப் போனது. கேரள அரசு 2008இல் அதற்கென்றே ஒரு கொள்கையை வகுத்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கே வந்து தரும் ஆதரவு சிகிச்சை சேர்க்கப்பட்டிருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும், கேட்பவர்கள் பெருகினால்தான் நன்றாகக் கிடைக்கும்.

கடைசியாக ஊர்ப்பேச்சு. "கைவிட்டுட்டாங்க", "இன்னும் கொஞ்சம் பாத்திருக்கலாம்", "அந்த ஊர்ல ஒரு வைத்தியர் இருக்காராம்" என்று வருபவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள், காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன் அதை மறந்தும்விடுவார்கள். அந்தச் சொல் உங்களை வென்டிலேட்டர் வரை இழுத்துக்கொண்டு போகும். தணிப்புச் சிகிச்சை, அதாவது வலியையும் அவதியையும் குறைக்கும் இந்த ஆதரவு சிகிச்சை, என்றால் கைவிடுவது என்ற எண்ணம் மருத்துவம் படித்தவர்களிடமும் இருக்கிறது. பாஸ்டனில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். பதின்வயதினருக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும் அந்த எண்ணத்தை அது அசைத்துப் பார்க்கிறது. முற்றிய நுரையீரல் புற்றுநோய் கண்ட 151 பேரில் ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே தணிப்புச் சிகிச்சையும் கொடுத்தார்கள். 2010இல் வெளிவந்த அந்த முடிவின்படி, அவர்களுக்கு மன அழுத்தம் குறைவாக இருந்தது, கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளும் குறைந்தன. இருந்தும் மற்றவர்கள் 8.9 மாதம் வாழ, இவர்கள் 11.6 மாதம் வாழ்ந்தார்கள். பிள்ளையின் பேச்சைக் கேட்டு வீட்டுக்கு அழைத்து வந்த பெற்றோரைப் பார்த்து யாராவது கைவிட்டீர்கள் என்று சொன்னால், அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் நிற்கும் பெரியப்பாவோ மாமாவோ சொல்லட்டும்: "புள்ள வீட்டுக்கு வரணும்னு சொல்லுச்சு, கூட்டிட்டு வந்தோம்." உறவினர்கள் இந்த மடலைப் படித்தால், இந்த ஒரு வேலையை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தொடங்குவது என்று கேட்பீர்கள். செய்தி வாசிப்பதுபோல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். முதலில் கேள்வியாகத் தொடங்குங்கள்: "டாக்டர் சொன்னதுல உனக்கு என்ன புரிஞ்சுது?" அடுத்து, "எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணுமா, இல்ல நீ கேக்கறத மட்டும் சொல்லட்டுமா?" தெரிய வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் அதையும் மதியுங்கள். தெரிந்துகொள்ள மறுப்பதும் அதன் உரிமை. ஆனால் கதவு திறந்தே இருக்கிறது, எந்த ராத்திரியிலும் கேட்கலாம் என்று சொல்லி வையுங்கள். சில பிள்ளைகள் அம்மா அப்பாவிடம் பேச மாட்டார்கள், அவர்கள் உடைந்துவிடுவார்கள் என்ற பயத்தில். நர்ஸ் அக்காவிடமோ, பள்ளித் தமிழாசிரியரிடமோ, அத்தை மகனிடமோ பேசுவார்கள். அந்த ஆளை வரவழைத்துக் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே இருங்கள். கண்ணீர் வந்தால் மறைக்க ஓடாதீர்கள், கையைப் பிடித்துக்கொண்டே அழுங்கள். நான் செத்துப்போயிடுவேனா என்று பிள்ளை நேராகக் கேட்டால், இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "டாக்டரால இத குணமாக்க முடியலப்பா. எவ்வளவு நாள்னு எங்களுக்கும் தெரியாது. என்ன ஆனாலும் நாங்க உன்கூடத்தான் இருப்போம், வலிக்க விடமாட்டோம்" என்பது உண்மையும்கூட, தாங்கக்கூடியதும்கூட. பிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் பக்கத்தில் இருங்கள். அடுத்து அந்தப் பிள்ளை கேட்கப் போவது சாவைப் பற்றியே இல்லாமல், தம்பிக்குத் தன் சைக்கிளைக் கொடுக்கலாமா என்பதாகவோ, நாளைக்கு இட்லி வேண்டாம் தோசை வேண்டும் என்பதாகவோ இருக்கலாம். எழுந்து போய் மாவு இருக்கிறதா என்று பாருங்கள்.

மிகுந்த அன்போடும் மரியாதையோடும்,
உங்களில் ஒருவர்